அம்மாவுக்கு எதற்கு பான் கார்டு?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. அப்பா போன பிறகு வந்த பணத்தில் போட்ட 15 லட்சம் டெபாசிட்டுக்கு வரும் வட்டிதான் வருமானம். இந்த வருஷம் அதில் 22,500 ரூபாய் பிடித்துவிட்டார்கள், பான் இல்லையாம். வரியே கட்ட வேண்டாதவருக்கு பான் எதற்கு? வாங்கினால் வருஷா வருஷம் கணக்குக் காட்டச் சொல்வார்களா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வரி கட்டுகிறவர்தான் பான் வாங்க வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. 7.5 சதவீதம் என்றால் அம்மாவுக்கு வட்டி 1,12,500 ரூபாய். மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் வருஷ வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் டிடிஎஸ் உண்டு, அதாவது வங்கியே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தரும். பான் இருந்தால் 10 சதவீதம், இல்லாவிட்டால் 20. எனக்கு வரி வராது என்று எழுதித் தருகிற, '15 ஹெச்' என்று நாம் சொல்லிப் பழகிய உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்திருந்தால் ஒரு பைசா பிடித்திருக்க மாட்டார்கள், ஆனால் பான் இல்லாமல் அந்தப் படிவம் செல்லாது. வரி கட்ட வேண்டாதவருக்குத்தான் பான் அவசரம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்!

பான் வாங்கிவிட்டதாலேயே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. ஆனால் போன 22,500 திரும்ப வேண்டுமென்றால் தாக்கல் செய்துதான் ஆகணும். வங்கியிடம் பானைக் கொடுத்து, பிடித்த தொகையை அம்மா பெயரில் ஏற்றித் தர முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

வருமான வரித் துறை இணையதளத்தில் ஆதாரை வைத்து இ-பான் இலவசம், நூறு இருநூறு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆதாரில் மொபைல் எண் சேர்ந்திருக்க வேண்டும், முழுப் பிறந்த தேதியும் இருக்க வேண்டும். வயதானவர்கள் பலருடைய ஆதாரில் வெறும் வருஷம்தான் இருக்கும், அதை முதலில் திருத்துங்கள். அப்புறம் நம்ம இனிஷியல் தொல்லை. பானில் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து; நமக்கு ஏது குடும்பப் பெயர்? சாதாரண விண்ணப்பமாக எழுதினால் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட வேண்டி வரும், ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் இரண்டையும் இணைக்கும்போது இடிக்கும்.

விண்ணப்பிக்கும் முன் வீட்டு பீரோவை ஒருமுறை கிண்டிப் பாருங்கள். அப்பா எப்போதோ அம்மா பெயரில் ஒன்று எடுத்து வைத்திருக்கலாம், ஒருவர் இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம்.