மகேந்திரவாடியில் தொடங்குங்கள்

வணக்கம் ஐயா,

போன மாதம் வேலூர் கோட்டைக்குப் போயிருந்தேன். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் முன்னால் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். ஒரு தூணைக்கூட முடிக்க முடியவில்லை. கடைசியில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். போனே இவ்வளவு துல்லியமாக எடுக்கும்போது, கை வராத என்னைப் போன்றவர்கள் பழைய இடங்களில் வரைவதால் பயன் உண்டா? உண்டென்றால் எங்கே தொடங்குவது?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

பயன் நிச்சயம் உண்டு. ஆனால் நீங்கள் உட்கார்ந்த இடம் தொடங்குவதற்கான இடம் அல்ல. அந்த மண்டபம் விஜயநகர காலத்துச் சிற்பிகளின் உச்சம். முன்னங்கால் தூக்கிய யாளி, குதிரை, மேலே வீரன், காலடியில் இன்னும் உருவங்கள் என்று ஒரே தூணில் பத்து விஷயம் நடக்கிறது. ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய் வரைந்த ஓவியர் சில்பியைப் போன்ற கைக்கு ஏற்ற வேலை அது. நமக்கு அது அப்புறம்.

முதலில் மகேந்திரவாடிக்குப் போங்கள். சோளிங்கர் பக்கம், இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தனியாகக் கிடக்கும் ஒரே பாறையைக் குடைந்து எடுத்த விஷ்ணு கோயில். அலங்காரம் குறைவு. முகப்புத் தூண்கள் மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, அவ்வளவுதான். ஆனால் வரைய உட்கார்ந்தால்தான் அதன் சூட்சுமம் தெரியும். எட்டுப்பட்டை என்று தெரிந்தவுடன் கை நிறையப் பட்டைகளைப் போடப் பார்க்கும். நேர் எதிரே நின்று பார்த்தால் கண்ணில் படுவது மூன்றுதான். சதுரம் எந்த உயரத்தில் முடிந்து பட்டை தொடங்குகிறது, மூலை எப்படிச் சீவப்பட்டிருக்கிறது, இதையெல்லாம் பென்சில் கேட்கும்; நீங்கள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டும். போன் இதில் எதையும் நம்மிடம் கேட்பதில்லை. எடுத்த படத்தை வீட்டில் வைத்து எத்தனை முறை திரும்பப் பார்க்கிறோம்?

தூணின் தலையில் போதிகையை வரையும்போது இன்னொன்று உறைக்கும். கட்டடத்தில் போதிகை உத்திரத்தைத் தாங்கும். இங்கே தூண், போதிகை, உத்திரம், கூரை எல்லாம் ஒரே பாறை. தனியாக எதுவும் எதையும் தாங்கவில்லை. இதே மன்னன் விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் குடைந்த இன்னொரு கோயிலில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்ததாகப் பெருமையோடு எழுதி வைத்தான். அப்படியும் கட்டிய கோயிலின் அங்கங்களைக் கல்லில் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். கட்டடம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பழகிப்போன கண்கள் அவை. எனக்கு இதைவிட நெகிழ்ச்சியான விஷயம் பல்லவர் கலையில் குறைவு.

மகேந்திரவாடியில் உள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு, மகேந்திரபுரத்தில் மகேந்திர தடாகம் என்ற ஏரியின் கரையில் குணபரன் இந்த மகேந்திர விஷ்ணு கிருகத்தை, அதாவது விஷ்ணு கோயிலை, எடுத்தான் என்கிறது. குணபரன் என்பது மகேந்திரவர்மனுடைய பட்டப்பெயர். ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் தன் பெயரை வைத்திருக்கிறான். ஆகவே பாறையை மட்டும் வரைந்துவிட்டுக் கிளம்பாதீர்கள். ஏரி இன்றும் இருக்கிறது. கரையையும் சேர்த்து ஒரு பக்கம் வரைந்தால்தான் கல்வெட்டு சொல்லும் இடம் முழுசாகக் கிடைக்கும்.

சாமான் அதிகம் வேண்டாம். 2பி பென்சில், கையடக்க நோட்டு, தண்ணீர், தொப்பி போதும். நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். இந்தக் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்த கோயில், கிழக்குப் பார்த்தது என்பதால் விடிந்ததும் போய்விடுங்கள், வெளிச்சம் உள்ளே விழும். கிட்டே போய்த் தொட வேண்டாம், தள்ளி நின்று பென்சிலைக் கை நீட்டிப் பிடித்தே சதுரத்தையும் பட்டையையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். அது கை பழகியதும் ஆற்காடு பக்கம் விளாப்பாக்கத்துப் பஞ்சபாண்டவர் மலைக்கும், அப்புறம் காஞ்சிபுரம் பக்கம் மாமண்டூருக்கும் போகலாம்; அங்கேயும் பல்லவர் குடைவரைகள்தான். மாமண்டூரில் வேலை முடியாமல் நின்றுபோன குடைவரையும் உண்டு. பாறைக்குள் எப்படிப் புகுந்தார்கள் என்பது அங்கேதான் நன்றாகப் புரியும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சிலர் கல்வெட்டின்மேல் சாக்பீஸோ கரியோ தேய்க்கிறார்கள். கூட வருபவர் சொன்னாலும் செய்யாதீர்கள். காலைச் சாய்வெயிலில் எழுத்து நன்றாகத் தெரியும். அன்றைக்கு மேகமாக இருந்தால் இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம்.

அன்புடன்.