பரணில் ஓடுவது எலியா, சுண்டெலியா? குழந்தை இருக்கும் வீட்டில் மருந்து வைக்காமல் விரட்ட முடியுமா?

ஓசூரில் வாடகை வீடு. ராத்திரி பத்து மணிக்கு மேல் பரணில் ஓட்டம். அரிசிப் பையில் ஓட்டை, அடுப்பு மேடையில் கருப்புப் புழுக்கை. இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் எலி மருந்து வைக்கப் பயம். இவ்வளவும் சொன்னவர் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். புழுக்கை எவ்வளவு நீளம்? சிரிக்க வேண்டாம். அதைப் பார்க்காமல் நான் இரண்டு மாதம் வீணாக்கியிருக்கிறேன்.

எங்கள் வீடு பாலக்கோடு பக்கம். முன்பாதி கான்கிரீட், பின்பாதி நாட்டு ஓடு. ராகியும் நிலக்கடலையும் மூட்டையாக வீட்டுக்குள்ளேயே கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் மானாவாரி ராகி அறுப்பு முடிந்து கொல்லை மொட்டையானதும் அங்கே இருந்ததெல்லாம் ஊருக்குள் வரும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். எலிக்கு அந்த ரோஷம் கிடையாது, நம் வளையே போதும்.

சரி, புழுக்கைக்கு வருகிறேன். அரிசி மணி அளவில், இரண்டு முனையும் கூராக, சீரகத்தை வாரி இறைத்த மாதிரி ஏகப்பட்டது கிடந்தால் சுண்டெலி. ஒரு சுண்டெலி ஒரு நாளைக்கு 50க்கு மேல் போடும். அதனால் நிறையக் கிடக்கிறதே, பத்து எலி இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு சென்டிமீட்டரோ கொஞ்சம் கூடவோ நீளமாக, நூல் நூற்கும் கதிர் மாதிரி நடுவில் பருத்து முனை கூராக இருந்தால் வீட்டெலி. உடம்பை விட வால் நீளம். கேபிள் வயர், தென்னை மட்டை, ஓட்டுச் சாரம் எல்லாம் அதற்கு ரோடு. பரண் சத்தம் பெரும்பாலும் இதுதான். புதுப் புழுக்கை கருப்பாக, பளபளப்பாக, குச்சியால் அழுத்தினால் நசுங்கும். பழசு சாம்பல் நிறமாகி உதிரும். பழசு மட்டும் கிடந்தால் விருந்தாளி போய்விட்டார், நீங்கள் சண்டை போடுவது அவருடைய நினைவோடு.

வாசலில் மண்ணைக் குவியலாகத் தள்ளிவிட்டுப் பெரிய பொந்து போட்டிருந்தால் அது பெருச்சாளி. ஓசூர் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள் பந்திகொக்கு என்பார்கள், பன்றியெலி என்று அர்த்தம். இங்கிலீஷ்காரன் அந்தச் சொல்லைத்தான் எடுத்து பேண்டிகூட் ஆக்கிக்கொண்டான்.

நான்காவது ஆள் மூஞ்சூறு. நீண்ட மூக்கு, துளிக் கண், சுவர் ஓரமாகக் கீச் கீச் என்று ஓடும், ஒரு மாதிரி கஸ்தூரி வாடை. இது எலி சாதியே இல்லை. கரப்பான், பூச்சி, புழு தின்கிற பிராணி. வயர் கடிக்காது, மூட்டை கிழிக்காது. என் இரண்டு மாதம் போனது இதனால்தான். கூண்டில் தினம் ஒன்று மாட்டுகிறது, கொண்டுபோய் விடுகிறேன், ராகி மூட்டையில் ஓட்டை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. நான் பிடித்ததெல்லாம் மூஞ்சூறு என்று பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துச் சொன்ன பிறகுதான் புரிந்தது. "பிள்ளையார் வண்டிய எதுக்குடா புடிச்சிப் புடிச்சி உடுற?" என்றார்.

அதற்குப் பிறகு நான் கற்ற வேலை கோலப்பொடி. ராத்திரி படுக்கும் முன் சமையலறை நிலைப்படி, சிலிண்டர் பின்பக்கம், பரண் விளிம்பு மூன்றிலும் கல்மாவுக் கோலப்பொடியைச் சல்லடையில் வைத்து மெல்லிசாகத் தூவுங்கள். (முதல் தடவை நான் ராகி மாவைத் தூவினேன். காலையில் தடமும் இல்லை, மாவும் இல்லை.) விடிந்ததும் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். எலிக்கும் சுண்டெலிக்கும் முன்காலில் நான்கு விரல் பதியும், பின்காலில் ஐந்து. நடுவில் வால் இழுத்த கோடு. முன்னும் பின்னும் ஐந்து விரலாக இருந்தால் மூஞ்சூறு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எங்கே திரும்பியது என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். சுவரில் ஒரே உயரத்தில் எண்ணெய்க் கறுப்பாகத் தீற்றல் இருந்தால் அதுவும் வழிதான். எலி தினமும் ஒரே பாதையில் உடம்பை உரசிக்கொண்டு போகும்.

யார் என்று ஏன் தெரிய வேண்டும் என்றால், வீட்டெலிக்கும் சுண்டெலிக்கும் குணம் வேறு. வீட்டெலி சந்தேகப் பிராணி. புதிதாக ஒரு பொருளைப் பார்த்தால் நாலைந்து நாள் கிட்டவே வராது. பொறி வைத்த மறுநாளே "இது ஏமாற்றுப் பொறி" என்று தூக்கிப் போடுவதுதான் எல்லோரும் செய்வது. தீனியைக் கட்டி, பொறியைப் பூட்டாமல் அப்படியே நாலு நாள் விடுங்கள். தின்று பழகட்டும். ஐந்தாம் நாள் பூட்டுங்கள். சுண்டெலி நேர்மாறு, புதுசு எதுவோ அதைப் போய் மோந்து பார்க்கும். ஆனால் அதன் உலகம் கூட்டைச் சுற்றிச் சில மீட்டர்தான். ஹாலில் ஒரு பொறி வைத்துவிட்டு சமையலறைச் சுண்டெலிக்குக் காத்திருந்தால் வராது. சின்னப் பொறி நாலைந்து வாங்கி, இரண்டு மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். எந்தப் பொறியானாலும் சுவருக்குக் குறுக்காக, தீனி இருக்கும் முனை சுவரைத் தொடுகிற மாதிரி. நடு அறையில் வைப்பது நம் திருப்திக்கு.

தீனி என்றாலே மசால் வடை என்கிறார்கள். எங்கள் வீட்டில் நிலக்கடலை மூட்டையே இருக்கும்போது வடைக்கு யார் வருவார்? வீட்டில் அதற்குச் சுலபமாகக் கிடைக்காத வாசனையாக இருக்க வேண்டும். எனக்கு வேலை செய்தது அடுப்பில் வாட்டிய தேங்காய்ச் சில்லும், சுட்ட கருவாட்டுத் தலையும். சும்மா வைத்தால் எடுத்துக்கொண்டு போய்விடும். நூலால் இறுக்கிக் கட்டுங்கள், இழுத்தால்தான் கம்பி விழும்.

ஆனால் பொறி மட்டும் போதாது. சுண்டெலி சினையாகி 20 நாளில் குட்டி போடும், ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு. அந்தக் குட்டிகள் ஒன்றரை இரண்டு மாதத்தில் தாயாகிவிடும். பிடித்துப் பிடித்துத் தீர்க்க முடியாது, வழியை அடைக்க வேண்டும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, எங்கள் புழு மனையில் பார்த்தது.

நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறோம். புழு நாலு தடவை தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வரும்போது சுண்டுவிரல் நீளத்துக்குக் கொழுகொழு என்று இருக்கும். எலிக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. ஒரு ராத்திரி உள்ளே போனால் தட்டு ஓரமே காலியாகிவிடும். கூடு கட்டின பிறகும் விடாது, கூட்டைக் கடித்து உள்ளே இருக்கும் புழுவைத் தின்னும். ஓட்டைக் கூட்டை தருமபுரி அங்காடிக்குக் கொண்டுபோனால் விலைக்குப் போகுமா? மனைக்குள் எந்த மருந்தும் போகக் கூடாது, கொசுவர்த்திகூட ஏற்ற மாட்டோம். அதனால் அப்பா கட்டும்போதே அடைத்துவிட்டார். கதவின் கீழ் விளிம்பில் உள்ளும் புறமும் தகரம், ஜன்னலுக்கும் காற்றுத் துவாரத்துக்கும் இரும்பு வலை, தண்ணீர் போகும் ஓட்டைக்குச் சல்லடை மூடி, சுவரைத் தொடும் கிளை ஒன்றுகூட இல்லை. பத்து வருஷத்தில் அங்கே எலி நுழைந்தது கதவைத் திறந்து போட்ட அன்றைக்கு மட்டும். இருபதடி தள்ளி நாங்கள் படுக்கும் வீட்டில் எலி கும்மாளம். புழுவுக்குப் பார்த்ததை எங்களுக்குப் பார்க்கவில்லை. அம்மா இதைச் சொல்லாத நாள் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் வீட்டைச் சுற்றி வந்தோம், கையில் ஒரு பென்சில். பென்சில் நுழைகிற ஓட்டையில் சுண்டெலி நுழையும், ஆறு மில்லிமீட்டர் போதும் அதற்கு. கட்டைவிரல் போனால் எலிக்குட்டி போகும். பதினேழு ஓட்டை எண்ணினோம். பாத்திரத் தொட்டிக் குழாய் சுவருக்குள் போகும் இடம், கேபிள் நுழையும் இடம், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து, பின்கதவின் அடி. வெறும் சிமெண்ட் பூசினால் காய்வதற்குள் பறித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை உள்ளே திணித்து அதன்மேல் சிமெண்ட் பூசினோம். அந்தக் காலத்தில் உடைந்த கண்ணாடித் தூளைக் கலந்து அடைப்பார்கள், அதுவும் சரிதான், ஆனால் உங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறதே, கம்பி நாரே போதும். துணி, தெர்மாகோல், மரக்கட்டை எல்லாம் வீண். எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும்.

வாடகை வீட்டில் சிமெண்ட் வேலைக்கு வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருக்கும். கேட்டுவிட்டு அவர் வரும்வரை உட்கார வேண்டாம். கதவடிக்கு ரப்பர் பட்டை கூடாது, அலுமினியப் பட்டை அடியுங்கள், நூறு இருநூறு ரூபாய் வேலை. அரிசி, பருப்பு எல்லாம் எவர்சில்வர் டிரம்முக்குப் போகட்டும். பிளாஸ்டிக் டப்பாவை எலி அரை ராத்திரியில் திறக்கும். எச்சில் பாத்திரத்தை ராத்திரியே கழுவிவிடுங்கள். சொட்டும் குழாயை மாற்றுங்கள். சுண்டெலி தண்ணீர் இல்லாமல் சமாளிக்கும், பெரிய எலிக்கு தினம் தண்ணீர் வேண்டும். மூட்டையைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், நடுவில் ஓர் அடி விடுங்கள். எங்கள் புளி மூட்டையை எலி தின்னவில்லை, ஆனால் அதன் பின்னால் என் பழைய வேட்டியைக் கிழித்து மெத்தை போட்டுக் குட்டி போட்டிருந்தது.

இன்னொன்று, இன்றைக்கே பாருங்கள். கேஸ் அடுப்பின் ரப்பர் குழாய். எலி அதைக் கடிக்கும். பல் பட்டிருந்தால் யோசிக்காமல் மாற்றி, உள்ளே கம்பி வைத்த சுரக்ஷா குழாய் போடுங்கள்.

மருந்து வைக்கப் பயம் என்றீர்கள். அந்தப் பயம் நல்லது. கடையில் நீல நிறத்தில் விற்கும் கேக், ரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாள் கழித்துக் கொல்லும் மருந்து. "தின்னா தண்ணி தேடி வெளிய ஓடிப் போயிடும்" என்று கடைக்காரர் சொல்வார், எனக்கும் சொன்னார். ஒன்றும் ஓடாது. எங்கள் எலி பரணுக்கும் ஓட்டுக்கும் நடுவில் போய்ச் செத்தது. இரண்டு வாரம் அம்மா அந்த அறையில் படுக்கவில்லை, கடைசியில் ஓட்டைப் பிரித்துத்தான் எடுத்தோம். பற்பசை மாதிரி டியூபில் வந்த மஞ்சள் பாஸ்பரஸ் பசை இன்னும் மோசம். அதைத் தின்றவர் முதல் நாள் நன்றாகத்தான் இருப்பார், இரண்டு மூன்று நாள் கழித்து ஈரல் போகும். முறிமருந்து கிடையாது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். படுக்கிற அறையில் யார் வந்து எதை வைக்கிறேன் என்றாலும் விடாதீர்கள். குழந்தை எதையாவது வாயில் வைத்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், 108ஐக் கூப்பிட்டு, மருந்து அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சிகிச்சையை முடிவு செய்ய முடியும்.

பசை அட்டையையும் வாங்க வேண்டாம். முதல் நாள் எனக்கு மாட்டியது இரண்டு பல்லி, இரண்டாம் நாள் மாட்டிய சுண்டெலி விடியும்வரை கத்தியது. கம்பிப் பொறி ஒரு நொடியில் முடித்துவிடும், அதுவே மேல். சத்தம் போட்டு விரட்டும் கருவி ஒன்றும் பிளக்கில் மாட்டிப் பார்த்தேன். பதினைந்தாம் நாள் அதற்கு நேர் கீழே புழுக்கை. பூனை? சுண்டெலிக்கு உதவும். எங்கள் பூனை பெருச்சாளியைப் பார்த்தால் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சுத்தம் செய்யும்போது புழுக்கையைக் காய்ந்தபடி துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசி மூக்குக்குள் போகும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, ஐந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு, கையுறையோடு துணியால் வழித்து எடுங்கள். எலி மூத்திரத்தில்தான் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறது, கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியாக உள்ளே போகும். காய்ச்சலோடு கெண்டைக்கால் கடுமையாக வலித்து, கண் சிவந்தால் டாக்டரிடம் வீட்டில் எலி இருப்பதைச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே பார்த்தால் மாத்திரையில் சரியாகிவிடும்.

ஓட்டைகளை அடைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அப்போதும் உள்ளே மாட்டிக்கொண்ட மூன்று எலியைப் பொறி வைத்துப் பிடிக்கப் பத்து நாள் ஆனது. அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை கோலப்பொடி தூவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. போன வாரமும் தூவினேன். நிலைப்படி ஓரமாகச் சின்னச் சின்னத் தடம், முன்னும் பின்னும் ஐந்து விரல். பின்கதவடியில் எங்கோ சந்து விட்டிருக்கிறோம். அடைக்கலாம் என்று தம்பி கம்பி நாரை எடுத்தான். "கரப்பான் குறைஞ்சிருக்குது, இருக்கட்டும் விடு" என்றார் அம்மா.