300 குதிரைகள், எத்தனை சக்கரங்கள்?

கேள்வி: பத்து வருடமாக 110 குதிரைத்திறன் கொண்ட சாதாரண ஹேட்ச்பேக் ஓட்டுகிறேன். இனி 300 குதிரைத்திறன் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று பணம் சேர்த்துவிட்டேன். தினமும் வேலைக்குப் போய்வர 40 கிலோமீட்டர், மாதத்தில் ஓரிரு ஞாயிறு மலைப்பாதை, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ரேஸ் டிராக். பனி விழாத ஊர், மழைக்குக் குறைவில்லை. "முந்நூறு குதிரையை இரண்டு முன்சக்கரத்தில் கட்டினால் வீண், ஆல் வீல் டிரைவ்தான் பாதுகாப்பு" என்று நண்பர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: முன்சக்கர இயக்க வண்டியை வாங்குங்கள். அதாவது, நான்கு சக்கரங்களையும் இன்ஜின் சுழற்றும் ஆல் வீல் டிரைவ் வேண்டாம், முன்சக்கரங்களை மட்டும் சுழற்றுவது போதும். ஒரே நிபந்தனை, அதில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருக்க வேண்டும். (இடது வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தருவது டிஃபரன்ஷியல். இந்த வகை என்ன செய்யும் என்று கீழே சொல்கிறேன்.) மிச்சமாகும் பணத்தை டயருக்கும் பிரேக்குக்கும் வையுங்கள். உங்கள் நண்பர்கள் சொல்வது முழுக்கத் தவறில்லை. முதல் பாதி ஓரளவு சரி. "பாதுகாப்பு" என்ற இரண்டாவது பாதியில்தான் எனக்குச் சண்டை.

முதல் பாதியை முதலில் பார்ப்போம். ஹேட்ச்பேக் நிற்கும்போது அதன் எடையில் சுமார் 62 சதவீதம் முன்சக்கரங்களின் மேல் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் எடை பின்னால் சாய்கிறது. அதாவது, இழுக்க வேண்டிய சக்கரங்கள் இழுக்கும் நேரம் பார்த்து லேசாகிவிடுகின்றன. கணக்குப் போட்டால் உலர்ந்த தார்ச்சாலையில் முன்சக்கர வண்டிக்குக் கிடைக்கும் அதிகபட்ச முடுக்கம் 0.5 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி, என்ற அளவில் நிற்கும். நான்கு சக்கரமும் இழுத்தால் ஏறக்குறைய அதன் இரட்டிப்புக்கு இடம் உண்டு. ஈரச்சாலையில் முன்சக்கரத்துக்கு 0.33 ஜி, நான்கு சக்கரத்துக்கு 0.6 ஜி என்று வரும்.

ஆனால் இடம் இருந்தால் மட்டும் போதுமா? அந்த இடத்தை நிரப்ப இன்ஜினிடம் திறன் இருக்க வேண்டும். வேகம் கூடக் கூட, அதே குதிரைத்திறன் சக்கரத்தில் தரும் விசை குறைந்துகொண்டே போகும். ஓட்டுநரோடு 1,500 கிலோ எடையுள்ள 300 குதிரைத்திறன் வண்டியை எடுத்துக்கொண்டால், உலர்ந்த சாலையில் தோராயமாக 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் முன்சக்கரங்களே மொத்தத் திறனையும் சாலைக்குக் கொடுத்துவிடும். அதற்கு மேல் பின்சக்கரங்கள் வந்து உதவ வேலை எதுவும் மீதமில்லை. ஈரத்தில் இந்த எல்லை 140 கிலோமீட்டர் பக்கம் போகிறது. அதுவும் முழுத் திறனையும் மிதித்தால்தான். பாதித் திறனோடு நிறுத்திக்கொண்டால் ஈரத்திலும் 70 கிலோமீட்டரிலேயே எல்லை வந்துவிடும். கொட்டும் மழையில் 300 குதிரையையும் அவிழ்த்துவிடுபவர் நீங்கள் இல்லை என்று நம்புகிறேன்.

உண்மையான வண்டிகளிலும் இது தெரியும். ஐரோப்பாவில் 2023-இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் 329 குதிரைத்திறன், முன்சக்கர இயக்கம். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 5.4 வினாடி. 2020-இல் அறிமுகமான எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் அப்போது 320 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம். அதே வேகத்துக்கு 4.7 வினாடி. திறனில் பின்தங்கிய வண்டி 0.7 வினாடி முந்துகிறது. (கோல்ஃபில் ஆட்டோமேட்டிக் கியர், சிவிக்கில் மேனுவல் என்பதும் அந்த வித்தியாசத்துக்குள் அடக்கம்.) அப்புறம் இரண்டையும் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதைக்குக் கொண்டுபோனால்? சிவிக் 7 நிமிடம் 44.881 வினாடியில் சுற்றி வந்தது. 333 குதிரைத்திறன் கொண்ட கோல்ஃப் ஆர் சிறப்புப் பதிப்புக்கு நிறுவனம் அறிவித்த நேரம் 7:47.31. நாளும் டயரும் வேறு என்பதால் இரண்டரை வினாடியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளம்பும் இடத்தில் கிடைத்த அந்தப் பெரிய சாதகம், ஒரு முழுச் சுற்றில் காணாமல் போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

இனி பாதுகாப்பு. நான்கு சக்கர இயக்கம் உதவுவது ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும். பிரேக் மிதித்தால் எந்த வண்டியானாலும் நான்கு சக்கரங்களும்தான் நிறுத்துகின்றன. பிரேக் பிடிக்கும் நேரத்தில் எல்லா வண்டியும் ஆல் வீல்தான். வளைவுக்குள் நுழையும்போது வண்டியைத் திருப்புவதும் டயரின் பிடிமானமே, இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் அல்ல. சாலையில் ஆபத்து பெரும்பாலும் இந்த இரண்டு தருணங்களில் வருகிறது. முன்சக்கர இயக்கம் கொண்ட கோல்ஃப் ஜிடிஐயோடு ஒப்பிட்டால் கோல்ஃப் ஆர் ஏறக்குறைய 90 கிலோ அதிகம். அந்த எடையையும் சேர்த்துத்தான் அதே அளவு டயர்கள் நிறுத்த வேண்டும், திருப்ப வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் மழையில் ஒரு மலைப்பாதையில் நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலிருந்தும் அது வெளியேறிய லாவகத்தைப் பார்த்து, சாலை அவ்வளவு ஈரமில்லை என்று நம்பத் தொடங்கிவிட்டேன். ஐந்தாவதோ ஆறாவதோ வளைவில் பிரேக்கில் கால் வைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. வண்டி நேராகவே போனது. எதிரே யாரும் வராததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்சக்கர வண்டியாக இருந்திருந்தால் இரண்டாவது வளைவிலேயே ஸ்டியரிங் லேசாகி, சக்கரம் வழுக்கி, "மெதுவாகப் போ" என்று சொல்லியிருக்கும். நான்கு சக்கர இயக்கம் அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. புதிதாக 300 குதிரைத்திறனுக்கு வருபவருக்கு அந்த எச்சரிக்கை பொன் போன்றது என்பது என் கருத்து.

முன்சக்கர வண்டிக்கும் குறை உண்டு. முழுசாக மிதித்தால் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கம் இழுக்கும். இதை டார்க் ஸ்டியர் என்பார்கள். இடது வலது டிரைவ் ஷாஃப்ட்களின் நீளம் வேறுபடுவது ஒரு காரணம். சக்கரம் திரும்பும் அச்சுக்கும் சக்கரத்தின் மையத்துக்கும் இடையே உள்ள தூரம் இன்னொரு காரணம். இழுவிசை அந்தத் தூரத்தை நெம்புகோலாக்கி ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்க்கிறது. 2009-இல் 305 குதிரைத்திறனோடு வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ்ஸில் ரெவோநக்கிள் என்ற அமைப்பைப் போட்டது அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான். சிவிக் டைப் ஆரில் உள்ள டூயல் ஆக்சிஸ் ஸ்ட்ரட்டும் அதே வேலைக்கு. ஆகவே 300 குதிரைத்திறன் முன்சக்கர வண்டியைப் பார்க்கப் போனால் முதலில் கேட்க வேண்டியது முன் சஸ்பென்ஷனைப் பற்றி.

இரண்டாவது கேள்வி டிஃபரன்ஷியலைப் பற்றி. வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது உட்பக்கச் சக்கரம் லேசாகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால் அந்தச் சக்கரம் வீணாகச் சுழல, வெளிச்சக்கரத்துக்கும் அதே அளவு சொற்ப விசைதான் போகும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், பிடிமானம் உள்ள வெளிச்சக்கரத்துக்கு அதிக விசையைத் தள்ளி, வண்டியின் மூக்கை வளைவுக்குள்ளேயே இழுத்துப்போகும். முதல் தடவை இதை அனுபவிப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். மிதிக்க மிதிக்க வண்டி உள்ளே திரும்புகிறது! சிவிக்கில் இருப்பது பல்சக்கரங்களாலேயே வேலை செய்யும் ஹெலிகல் வகை. ஹூண்டாய் ஐ30 என்னில் மின்னணுக் கட்டுப்பாட்டில் கிளட்ச் வகை. எது இருந்தாலும் சரி. உட்சக்கரத்தின் பிரேக்கைப் பிடித்தே சமாளிக்கும் வண்டிகளும் உண்டு. விளம்பரத்தில் அதற்கு ஏதாவது அழகான பெயர் வைத்திருப்பார்கள். அன்றாடச் சாலைக்கு அது போதும். டிராக்கில் இருபது நிமிடம் ஓட்டினால் முன் பிரேக் சூடேறித் தளர்ந்துவிடும்.

எதிர்த்தரப்பையும் பார்ப்போம். ஹேட்ச்பேக்கில் ஆல் வீல் என்பது பெரும்பாலும் முன்சக்கர வண்டிக்குப் பின்னால் ஒட்டவைத்த உதவிதான். இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸிலிருந்து ஒரு நீளமான ஷாஃப்ட் பின்னால் போகும். பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் பல தட்டுகள் கொண்ட கிளட்ச் ஒன்று இருக்கும். அது இறுகினால் பின்சக்கரங்களுக்கு விசை, தளர்ந்தால் வண்டி முன்சக்கர வண்டி. இந்த அமைப்பு மழையில் கிளம்ப உதவும், ஆனால் வளைவில் வண்டியின் சுபாவத்தைப் பெரிதாக மாற்றாது. சுபாவத்தையே மாற்றும் அமைப்புகளும் உண்டு. 2016-இல் 350 குதிரைத்திறனோடு நான்கு சக்கரத்துக்கு மாறிய ஃபோகஸ் ஆர்எஸ்ஸில் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கிளட்ச். எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஆரிலும் அப்படியே. பின்பக்கம் வரும் விசை முழுவதையும் ஒரே சக்கரத்துக்கு அனுப்ப முடியும். வளைவின் வெளிப்பக்கப் பின்சக்கரம் தள்ளினால் வண்டி தன் அச்சிலேயே திரும்புவது போலிருக்கும். டொயோட்டா ஜிஆர் யாரிஸ் இன்னொரு ரகம். 2020-இல் வந்தபோது முன்பின் விசைப் பங்கீட்டை 60:40, 50:50, 30:70 என்று ஓட்டுநரே தேர்ந்தெடுக்கலாம். மூன்று சிலிண்டர், 1.6 லிட்டர், 261 குதிரைத்திறன், எடை 1,280 கிலோ மட்டும். "ஆல் வீல் என்றால் கனமான வண்டி" என்ற என் புகார் அதனிடம் எடுபடாது. நீங்கள் இந்த யாரிஸைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தால் மேலே சொன்ன தீர்ப்பை இவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டேன்.

எப்போது நான்கு சக்கரம்தான் என்று சொல்வேன்? பனி விழும் ஊரில், வீட்டுக்குப் போகும் வழி செங்குத்து ஏற்றமாக இருந்தால். ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் முன்சக்கர வண்டி இரட்டை நஷ்டம் காணும். அங்கேயும் குளிர்கால டயர்தான் முதலில். கோடை டயரோடு நான்கு சக்கர வண்டி ஏறிவிடும், இறங்கும்போது நிற்காது. மண் சாலை, ஜல்லிச் சாலை அதிகமென்றாலும் நான்கு சக்கரம். இன்ஜினை மேலும் ட்யூன் செய்து 350, 400 என்று போகும் ஆசை இருந்தாலும் அப்படித்தான். மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ் போல 421 குதிரைத்திறன் என்று வந்துவிட்டால் நான்கு சக்கரம் தவிர வழியில்லை. உங்கள் மலைப்பாதை முழுக்க இரண்டாம் கியர் கொண்டை ஊசி வளைவுகள், வருடத்தில் பாதி ஈரம் என்றால், அதுவும் நியாயமான காரணம். மேலே சொன்ன கணக்குப்படி நான்கு சக்கரம் ஜெயிக்கும் இடம் துல்லியமாக அதுதான்.

டிராக்கைப் பொறுத்தவரை சுருக்கமாக: முன்சக்கர வண்டி முன் டயர்களைத் தின்னும். இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் அவற்றின் தலையில். டிராக் நாளுக்கென்று இரண்டு முன் டயர்கள் தனியாக வைத்துக்கொள்ளலாம். நான்கு சக்கர வண்டியில் அந்தச் சௌகரியம் இல்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். இன்னொன்று: முன்சக்கர வண்டியில் வளைவுக்குள் வேகமாக நுழைந்து, பயந்து, சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் வழுக்கி வெளியே வரப் பார்க்கும். கூர்மையாகத் திரும்பட்டும் என்றே இவற்றின் பின்பக்கத்தை அப்படி அமைக்கிறார்கள். முதல் டிராக் நாளில் பயிற்சியாளர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். கொஞ்சம் மேடு பள்ளமான, காலியான சாலையில் மூன்றாம் கியரில் 50 கிலோமீட்டரிலிருந்து முழுசாக மிதியுங்கள். ஸ்டியரிங் எவ்வளவு பிடுங்குகிறது, அது உங்களுக்குப் பிடிக்கிறதா, எரிச்சலாக இருக்கிறதா? சிலருக்கு அது வண்டி பேசுவது மாதிரி. சிலருக்குத் தினமும் 40 கிலோமீட்டர் தாங்காது. முடிந்தால் மழை நாளில் போங்கள். விற்பனையாளர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நான்கு சக்கரம்தான் வேண்டும் என்று மனம் சொன்னால், குறிப்பாகப் பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், பின் கிளட்ச் எண்ணெய் மாற்றிய பதிவைக் கேட்டு வாங்குங்கள். ஹால்டெக்ஸ் வகைக்கு (மேலே சொன்ன பல தட்டுக் கிளட்ச்) வழக்கமாக மூன்று வருடத்துக்கு ஒருமுறை. மாற்றாமல் விட்டால் கிளட்ச் தட்டுகளின் தேய்மானத் துகள்கள் பம்பின் வலையை அடைத்துக்கொள்ளும். பின்சக்கரங்களுக்கு விசை போகாது. டாஷ்போர்டில் விளக்கு எரியாமலே கூட இது நடக்கலாம். ஆல் வீலுக்குப் பணம் கொடுத்தவர் கனமான முன்சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார். அப்புறம் டயர்: நான்கும் ஒரே ரகம், ஒரே அளவு தேய்மானம் இருக்க வேண்டும். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு என்பதால், முன்னும் பின்னும் வேறுபட்டால் நேர்ச்சாலையிலேயே கிளட்ச் ஓயாமல் உரசும். பாதி தேய்ந்த டயர்களில் ஒன்று கிழிந்தால் நான்கையும் மாற்றும் செலவு வரலாம். அதையும் சேர்த்து விலை பேசுங்கள்.