ஷ்விட்ஸுக்கு அழைத்தால் செல்லலாமா?

கேள்வி: நான் நியூயார்க்கில் பணிபுரிகிறேன். உடன் பணியாற்றும் யூத நண்பர், வெள்ளிக்கிழமை பிற்பகலில் ‘ஷ்விட்ஸ்’ என்னும் நீராவிக் குளியலுக்கு அழைக்கிறார். அது சமயச் சடங்கா? இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்ளும் நான் போகலாமா?

பதில்: ஷ்விட்ஸ் சடங்கன்று, பலர் கூடி வேர்க்க வேர்க்க உட்கார்ந்து பேசும் குளியல். யூதர்களின் தூய்மைச் சடங்குக்குரியது மிக்வே என்னும் நீர்த்தொட்டி. அதில் மழைநீரோ ஊற்றுநீரோ 40 செயா (பழைய யூத முகத்தலளவை) அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; உடலை நன்கு கழுவிய பிறகே அதில் மூழ்குவார்கள். கிழக்கு ஐரோப்பாவின் யூதச் சிற்றூர்களில் நீராவி அறையும் மிக்வேயும் பல இடங்களில் ஒரே கட்டடத்தில் இருந்ததால், இரண்டையும் ஒன்றாக எண்ணுவது இயல்பே.

வெள்ளிக்கிழமைக்குக் காரணம், அன்று மாலை, தீ மூட்டலாகாத ஓய்வுநாளான சபாத் தொடங்குவதுதான். முன்தினமே சூடேற்றிய வெந்நீரில் சபாத்தன்று குளிக்க ஒரு காலத்தில் இசைவு இருந்தது என்கிறது யூதச் சமயச் சட்டத் தொகுப்பான தல்மூத். குளியலகத்தார் அன்றே சூடேற்றிவிட்டு முன்தினம் சூடேற்றியதாகச் சொல்லவே, வெந்நீர்க் குளியல் விலக்கப்பட்டு வேர்ப்பதற்கு மட்டும் இசைவு நின்றது. பின்னர் மக்கள் வெந்நீரில் குளித்துக்கொண்டே “வேர்க்கிறோம்” என்றதால் அதுவும் விலக்கப்பட்டது. இத்தனை விதிகள் தேவைப்படும் அளவுக்கு அந்த மக்கள் இக்குளியலை விரும்பியிருக்கிறார்கள் என்பது என்னை வியக்க வைக்கிறது.

குளியலறையே இல்லாத நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த குடியேறிகளுக்கு நியூயார்க்கில் இத்தகைய பொதுக் குளியலகம் அன்றாடத் தேவையாக இருந்தது. கிழக்கு 10ஆம் தெருவில் 1892இல் தொடங்கியது இன்றும் இயங்குகிறது. கட்டணம் செலுத்தி எச்சமயத்தவரும் செல்லலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி நேரங்களும் பொது நேரங்களும் உண்டு என்பதால், எந்த நேரத்துக்கு என்று நண்பரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஓக் இலைக் கொத்தைச் சோப்பு நீரில் தோய்த்து உடலில் அடித்துத் தேய்க்கும் ‘பிளாட்சா’வைத் தனிக் கட்டணத்தில் செய்வார்கள், விருப்பமில்லையெனில் மறுத்துவிடலாம்.

வெப்பத்தில் இரத்த அழுத்தம் தாழும். சில மாத்திரைகள், குறிப்பாகச் சிறுநீரைப் பெருக்குபவை, அதை மேலும் தாழ்த்தி மயக்கம் வரச் செய்யலாம். ஆகவே மருத்துவரைக் கேட்டுவிட்டே செல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். அவர் இசைந்தால், வெப்பம் குறைந்த கீழ்ப்படியில் ஐந்து முதல் பத்து நிமிடம் இருந்து பழகுங்கள். நிறையத் தண்ணீர் அருந்துங்கள், மது வேண்டாம். வெளியே வந்தவுடன் குளிர்நீர்த் தொட்டியில் குதிப்பது அங்குள்ள வழக்கமே என்றாலும், அது இரத்த அழுத்தத்தைச் சட்டென ஏற்றிவிடும் என்பதால் நீங்கள் இளஞ்சூட்டு நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.