சின்னது பெரிசின் குஞ்சு அல்ல: கரப்பான் கேள்வி-பதில்

பாத்ரூமில் பெரிய கரப்பான், அடுப்படியில் பொடிக் கரப்பான். பெரிசு போட்ட குஞ்சுதானே இது?

பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு இனம். பெரியது அமெரிக்கக் கரப்பான். பெயர்தான் அப்படி, பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஒன்றரை அங்குலம் வரை வளரும், குடியிருப்பு சாக்கடை. பொடியானது ஜெர்மன் கரப்பான், அரை அங்குலத்தை ஒட்டியே நின்றுவிடும். ஒன்றை டம்ளரில் கவிழ்த்துப் பிடித்து, தலைக்குப் பின்னால் பாருங்கள்: இரண்டு கருங்கோடுகள் தெரிந்தால் ஜெர்மன்தான். (அதுவும் ஜெர்மனியில் பிறந்ததல்ல. சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பக்கம் தோன்றியது என்கிறது 2024இல் வந்த மரபணு ஆய்வு. நம்ம ஊர்க்காரர்!)

பெரிசு வெளியிலிருந்து வருவது, வழியை அடைத்தால் போதும். சின்னது உங்கள் வீட்டிலேயே குடித்தனம் நடத்துகிறது. ஒரு முட்டைக்கூட்டில் 30, 40 முட்டை. பொரிக்கும் தறுவாய் வரை தாய் அதை வாலில் சுமந்தே திரியும்.

ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் பாத்ரூமில் கரப்பான் படை. பூட்டிய வீட்டுக்குள் எப்படி?

தரை ஜாலிக்கு அடியில் இருக்கும் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடைக்கும் உங்களுக்கும் நடுவில் அதுதான் கதவு. புழங்காமல் விட்டால் வற்றிவிடும், கதவு திறந்த கணக்கு. கிளம்பும்போது ஒரு மக் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். சீக்கிரம் வற்றாது.

ஜெல் வைத்தும் பலனில்லை. ஸ்ப்ரேயும் அடிக்கிறேனே!

அதனால்தான் பலனில்லை. ஜெல் என்பது விஷம் கலந்த விருந்து. பக்கத்திலேயே ஸ்ப்ரே அடித்தால் விருந்தாளி எப்படி வருவார்? தின்றது பொந்துக்குப் போய்ச் செத்து, அதன் எச்சத்தையும் உடலையும் மற்றவை தின்று சாகவேண்டும். அதற்குச் சில நாள் பொறுக்கவேண்டும். பச்சைப்பயறு அளவுப் பொட்டுகளாக, அலமாரிக் கீல், சிங்க்கின் அடி, ஃப்ரிட்ஜின் பின்பக்கம் என்று பல இடங்களில் வையுங்கள். குழந்தைக்கு எட்டக்கூடாது. அடுப்பின் எண்ணெய்ப் பிசுக்கை ராத்திரியே துடையுங்கள். அது இருக்கும்போது ஜெல்லை யார் சீந்துவார்கள்?

மிக்ஸியை மறக்காதீர்கள். எங்கள் வீட்டு மிக்ஸி ஒருநாள் நின்றுபோனது. மெக்கானிக் அடிமூடியைக் கழற்றினால், மோட்டாரைச் சுற்றி மிளகுத்தூள் தூவினாற்போல எச்சம், நடுவில் கதகதப்பாக ஒரு குடும்பம். இத்தனைக்கும் ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவன் நான்.

அடுப்படியில் பாச்சை உருண்டை போடலாமா?

வேண்டாம். கரப்பான் ஒதுங்கி நடக்கும், அவ்வளவுதான். உருண்டையில் இருக்கும் நாப்தலீன் வாடை சாப்பாட்டுப் பக்கம் ஆகாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுவே சிதையும்.

வெள்ளைக் கரப்பான் ஒன்றைப் பார்த்தேன். புது வகையா?

தோலுரித்த கையோடு உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். தோலுரிப்பது வளரும் குஞ்சுதான் என்பதால், அது வந்த பொந்தைத் தேடுங்கள்.

தலை போனாலும் உயிரோடு இருக்குமாமே?

ஒரு வாரம்கூட இருக்கும். மூச்சு விடுவது உடம்பின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக. கடைசியில் தண்ணீர் குடிக்க வாயில்லாமல் சாகும். சிங்க்கில் சொட்டும் குழாயை இன்றே சரிசெய்யுங்கள்; தலையுள்ளவையும் அதை நம்பித்தான் வருகின்றன.