வாசகர் கேள்வி: வெள்ளைக்காரன் எங்கே?

கேள்வி: சினுவா ஆச்சிபியின் 'சிதைவுகள்' காலனியத்துக்கு எதிரான நாவல் என்கிறார்கள். பாதி படித்தும் வெள்ளைக்காரரையே காணோமே?

பதில்: வராததுதான் விஷயமே. 1958-இல் வெளிவந்த இந்நாவலின் 25 அத்தியாயங்களில் முதல் 13-உம் நைஜீரியாவின் இக்போ இன மக்களின் ஊர் வாழ்க்கைதான்: சேனைக்கிழங்கு விதைப்பு, மல்யுத்தம், பஞ்சாயத்து, பழமொழி. பலர் இதை வெறும் முன்னுரை என்று புரட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பிறகு எது இடிந்தது என்றே விளங்காது. குறை இல்லாத சொர்க்கமாகவும் ஊரைக் காட்டவில்லை; இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் விடும் வழக்கமும் அதில் உண்டு. அந்த வழக்கத்தால் நொந்தவர்களும் பிறகு மிஷனரிகளிடம் போகிறார்கள்.

கடைசிப் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நாயகன் ஒக்கொன்குவோவின் வாழ்வு தன் புத்தகத்தில் ஒரு பத்திக்குத் தேறும் என்று கணக்குப் போடுகிறார் ஆங்கிலேய அதிகாரி. அந்த ஒற்றைப் பத்திக்குப் பதில்தான் முழு நாவலும்!

இன்னொன்று, மொழி. ஆச்சிபி ஆங்கிலத்தை இக்போ நடைக்கு வளைத்தார். கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ அதற்கும் உடன்படாமல் தாய்மொழியான கிக்குயுவுக்கே திரும்பினார். சிறையில் கழிப்பறைத் தாளில் ஒரு நாவலை எழுதினார். அடுத்து அவரைப் படியுங்கள்.