இதோ வந்துவிட்டேன்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு செய்தித்தளத்தில் ஓராண்டாக உதவி ஆசிரியராக இருக்கிறேன். வாக்கு எண்ணிக்கைக்கு முதல் நாளே இரண்டு கட்சிக்கும் வெற்றிச் செய்தி எழுதிவைக்கிறோம். மருத்துவமனையில் இருக்கும் பிரபலங்களின் இறப்புச் செய்தி தயாராக இருக்கும். நேரத்துக்கு மட்டும் இடம் விட்டிருப்போம். சென்ற வாரம் மழையால் தள்ளிப்போன ஒரு கோயில் விழா ‘சிறப்பாக நடைபெற்றது’ என்று எங்கள் தளத்தில் வந்துவிட்டது. எழுதியவள் நான்தான். எங்கள் ஆசிரியர் சிரித்துக்கொண்டே, “வீட்டில் இருந்தபடியே ‘இதோ வந்துவிட்டேன்’ என்று சொல்வதில்லையா? நன்னூலே அனுமதித்த வழக்குதான்” என்றார். அது சரியா? இந்த வேலையில் நான் தொடரலாமா? நடை பழக நல்ல புத்தகங்கள் சொல்வீர்களா?

பெயர் வேண்டாமே, ஐயா.

*

அம்மிணி,

என் மகளைவிட இளையவராக இருப்பீர்கள் என்று நினைத்து அந்த உரிமையில் எழுதுகிறேன். புத்தகங்களை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். வேலையை விட வேண்டாம். மாதச் சம்பளத்தை உதறி அறம் காப்பதெல்லாம் கதையில் வருகிறவர்களுக்கு.

எழுதிவைப்பதில் குற்றம் இல்லை. தொண்ணூறு வயதுக்காரரின் வாழ்க்கையை அவர் போன அரைமணி நேரத்தில் அள்ளித் தெளிப்பதுதான் அவமரியாதை. எழுதிவைத்ததை யார் சொல்லக் கேட்டு வெளியே விடுகிறோம் என்பதில் இருக்கிறது வினை. 1979 மார்ச் 22 அன்று மூத்த தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டதாக மக்களவையில் அறிவித்தவர் பிரதமர் மொரார்ஜி தேசாய். அவையும் ஒத்திவைக்கப்பட்டது. ஜே.பி.யோ பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். அக்டோபர் 8 வரை இருந்தார். முதலை விழுங்கிய பிள்ளையை மீட்க நம் அவிநாசியில் சுந்தரர் பதிகம் பாட வேண்டியிருந்தது. செய்தி விழுங்கியவரை மீட்க நாலு வரி மறுப்பு போதும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் ஆசிரியருக்கு வருகிறேன். நன்னூல் எழுதிய பவணந்தியைப் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடுகிறோம். ஊர்க்காரரைப் பொய்ச் சாட்சிக்கு இழுத்தால் கோபம் வராதா? காலம் பிறழ நன்னூல் இடம் தருவது உண்மை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று காரணமும் சொல்கிறது. சோற்றில் கை வைத்திருப்பவன் வாசலில் கூப்பிடும் நண்பனுக்கு ‘வந்துவிட்டேன்’ என்று குரல் கொடுப்பது விரைவு. அந்த வாக்கியத்தை உற்றுப் பாருங்கள். வரப்போவது அவன் கால். வாக்குக் கொடுப்பவனும் அவனே. அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்பது கூப்பிட்டவனுக்கும் தெரியும். நீங்கள் எழுதியதில் இதில் எது இருக்கிறது? அடுத்தவர் காலுக்கு நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். ‘நடைபெற்றது’ என்று படித்தவர் நடந்தது என்றே நம்பினார். இதற்கு இலக்கணத்தில் இடம் கேட்பது அயோக்கியத்தனம்.

2011 அக்டோபரில் இத்தாலியின் பெரூஜியா நகரில், கொலை வழக்கில் தண்டனை பெற்றிருந்த ஓர் அமெரிக்க மாணவியின் மேல்முறையீட்டில் தீர்ப்பு வாசித்தார்கள். அவதூறு செய்ததாக இருந்த குற்றச்சாட்டில் அவர் குற்றவாளி, கொலையில் விடுதலை. அவதூறுக்கான தீர்ப்பு காதில் விழுந்ததுமே பிரிட்டனின் டெய்லி மெயில் நாளிதழின் தளம் தயாராக வைத்திருந்ததை ஏற்றிவிட்டது. தீர்ப்பைத் தவறாகக் கேட்டதுகூடப் போகட்டும். அந்தப் பெண் நாற்காலியில் சரிந்து விம்மினார் என்றும், நீதி கிடைத்ததாக அரசுத் தரப்பு சொன்னது என்றும் அதில் இருந்தது. நடக்காத அழுகையைப் பார்த்தது யார்?

இதைக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. எண்பதுகளில் எங்கள் ஊரில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராக இருந்தேன். செய்தியைக் கவரில் போட்டுக் கோவை பஸ் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். மூன்று மணி பஸ்ஸை விட்டால் மறுநாள் பேப்பரில் வராது. எங்கள் ஊர்த் தேரோ நான்கு மணிக்குத்தான் புறப்படும். ஆகவே காலையிலேயே திண்ணையில் உட்கார்ந்து, போன ஆண்டுச் செய்தியைப் பார்த்து எழுதிவிடுவேன். ‘அனைத்துச் சமூகத்தினரும் ஒற்றுமையுடன் வடம் பிடித்து இழுத்தனர். மாலை 6 மணிக்குத் தேர் நிலை சேர்ந்தது.’ தேதியை மட்டும் மாற்றுவேன். மூன்று ஆண்டுகள் தேர் என் சொல்லைத் தட்டாமல் ஓடியது.

நான்காம் ஆண்டு, நாங்களும் வடம் பிடிப்போம் என்று காலனி இளைஞர்கள் வந்தார்கள். அதுவரை அவர்கள் வடத்தைத் தொட்டதே இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. நான் பிறந்து வளர்ந்த ஊர்! பேச்சு முற்றியது, போலீஸ் வந்தது. கிழக்கு வீதியில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் தேரை நிறுத்திவிட்டார்கள். வடம் புழுதியில் கிடந்தது. என் கவர் அந்நேரம் சூலூரைத் தாண்டியிருக்கும். போன் போட்டுச் சொல்லத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது, காலையிலேயே எழுதியதை ஒப்புக்கொள்ளப் பயம்.

மறுநாள் காலனியிலிருந்து ஒருவர் வந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, நான்காக மடித்த பேப்பரை நீட்டினார். என் செய்திக்குக் கீழே அவர் கட்டைவிரல் இருந்தது.

“இது எந்த ஊர்த் தேருங்க?”

கேலியே இல்லை. அப்படியும் ஓர் ஊர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கேட்டவரைப் போல நின்றார். அச்சில் ஏதோ தவறு என்று நான் சொன்னேன். சரிங்க என்று பேப்பரை மடித்துக்கொண்டு போனார். மறுப்பு நான் அனுப்பவே இல்லை.

அம்மிணி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அந்த மழை விழாவுக்குத் திருத்தம் வெளியிட்டீர்களா என்று ஒரு வரி கடிதத்தில் இல்லை. முதலில் அதைச் செய்யுங்கள். ‘வெளியிட்டுவிட்டேன்’ என்று எனக்கு எழுதுங்கள், வெளியிட்ட பிறகு.